டிபெண்டன்சி: சார்பா, சார்வா, தேவைப்பொதியா?

வெள்ளவத்தை:
வணக்கம். உயர்தர மாணவருக்கான லினக்ஸ் பயிற்சித்தாள் வெள்ளி மாலை அச்சுக்குப் போகவேண்டும். ஆய்வுகூடக் கணினிகளை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04 பதிப்பிலிருந்து 22.04க்கு உயர்த்தியபின் ஒரு பழைய மென்பொருள் திறக்க மறுக்கிறது. டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், இயக்கினால் லிப்எஸ்எஸ்எல் 1.1 என்ற நூலகக் கோப்பை (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுப்பை) காணவில்லை என்கிறது. காரணம் தெரிந்ததுதான்: அந்த நூலகம் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க மென்பொருளின் பகுதி. 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் 3க்கு மாறிவிட்டது, பழைய நூலகம் 22.04இன் மென்பொருட் களஞ்சியத்தில் இல்லை. மென்பொருளை மறுபடி நிறுவப் பார்த்தால், டிபெண்டன்சி (ஒரு மென்பொருள் இயங்க முன்கூட்டியே இருக்கவேண்டிய இன்னொன்று) நிறைவேறவில்லை என்று, மென்பொருளை நிறுவித்தரும் கருவியான ஆப்ட் நின்றுவிடுகிறது. இதற்குச் 'சார்பு' என்று எழுதிவந்தோம். ஆனால் கணிதத்தில் பங்ஷன்தான் சார்பு, பைதன் பாடத்திலும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறேன். 'நிறைவேறாத சார்பு' என்று கண்டதும் பிள்ளைகள் நிரலுக்குள் போய்ப் பிழை தேடுகிறார்கள். வேறு சொல் உண்டா?

கொட்டாஞ்சேனை:
ரீச்சர், அந்த வேரைக் கைவிட வேண்டாம். குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் சார்ந்து வருபவை என்றது தொல்காப்பியம். நன்னூல் சார்பெழுத்தைப் பத்தாக விரித்தது. தனித்து நில்லாமை அந்தச் சொல்லிலேயே கிடக்கிறது. கணிதத்தோடு மோதுமென்றால் 'சார்வு' என்று வைப்போம். மணிமேகலை பன்னிரு நிதானங்களை, அதாவது துன்பத்துக்குப் பௌத்தம் சொல்லும் காரணச் சங்கிலியை, அடுக்கும் இடத்தில் வரும் வடிவம் அது: பேதைமையைச் சார்ந்து செய்கை, செய்கையைச் சார்ந்து உணர்ச்சி. பாளியில் பட்டிச்ச சமுப்பாதம் என்பதும் இதுவே. ஒன்று இல்லாவிட்டால் அடுத்தது தோன்றாது. ஆப்ட் சொல்வதும் அதைத்தானே?

தெகிவளை:
அண்ணை, சார்பெழுத்து நேர் எதிர்ப்பக்கம் போகிறது. அங்கே சார்பு என்பது சாய்ந்து நிற்பது. ஆப்ட் 'இல்லை' என்று சொல்வதோ தாங்கி நிற்பதை. பிள்ளை எதைத் தேடுவது?

கொட்டாஞ்சேனை:
குறள் 359ஐப் பாருங்கள்: 'சார்புணர்ந்து சார்பு கெட'. பரிமேலழகர் முதற்சார்பை எல்லாப் பொருளுக்கும் சார்பாகிய செம்பொருள் என்கிறார், அடுத்ததைப் பற்று என்கிறார். தாங்குவதையும் பற்றுவதையும் ஒரே அடியில் ஒரே சொல் சுமக்கிறது. ஆகவே திசை பற்றிய தடை நிற்காது.

பம்பலப்பிட்டி:
ஐயா, குறளுக்கு உரை இருக்கிறது, டெர்மினலில் உரை இல்லை. அப்புறம், வாயால் சொல்லும்போது சார்பும் சார்வும் பின் வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றாகத்தான் கேட்கும். நிறுவுவதற்காகக் கட்டித்தரும் மென்பொருள் பக்கேஜைப் பொதி என்று ஏற்கெனவே சொல்கிறோம். 'தேவைப்பொதி' என்று போடுங்கள். அடுத்து என்ன நிறுவவேண்டும் என்பதைச் சொல்லே காட்டிவிடும்.

தெகிவளை:
எனக்கும் தேவைப்பொதி சரி. அழகில்லை, ஆனால் விளங்குகிறது.

வெள்ளவத்தை:
சரி, இந்தத் தாளில் தேவைப்பொதி என்றே போகட்டும். பழைய லிப்எஸ்எஸ்எல் பொதியை எங்கிருந்தாவது இறக்கி நிறுவவேண்டாம் என்றும் சேர்க்கிறேன். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்ரெம்பரோடு முடிந்துவிட்டது. 22.04க்கென வந்த மென்பொருட் பதிப்பை நிறுவுவதே வழி.

கொட்டாஞ்சேனை:
அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ரீச்சர் முதலில் கண்ட பிழையில் காணாமற்போனது ஒரு கோப்பு, பொதியல்ல. உபுண்டுக்கு அடிப்படையான டெபியன் வழியில் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருள் ஏதாவது ஒன்று வேண்டும் என்று மட்டும் ஒரு பொதி கேட்கலாம். எக்சிம் இருந்தாலும் போதும், போஸ்ட்பிக்ஸ் இருந்தாலும் போதும். அங்கே தேவைப்பொதி எது? என் வாக்கு சார்வுக்கே.