புதுப்பிப்பு: "குறைந்தது ஒரு 6" கணக்கு
போன வாரம் இங்கே ஒரு கணக்குப் போட்டிருந்தேன்: ஒரு பகடையை 4 முறை உருட்டினால் குறைந்தது ஒரு முறையாவது 6 விழுவதற்கான நிகழ்தகவு என்ன? பலர் 1/6-ஐ நான்கால் பெருக்கி 2/3 என்று சொன்னீர்கள். அதே வழியில் 7 முறை உருட்டினால் 7/6 வருமே, நிகழ்தகவு 1-ஐத் தாண்டவே கூடாது.

"குறைந்தது ஒன்று" என்று கேள்வியில் பார்த்ததும் எதிர்ப்பக்கத்தைப் பிடியுங்கள். 6 ஒரு தடவைகூட விழாமல் போக (5/6)⁴, அதாவது 625/1296. அதை 1-இலிருந்து கழித்தால் 671/1296, சுமார் 0.518. சரி, அந்த 2/3 வீணா? இல்லவே இல்லை, 4 உருட்டலில் சராசரியாக எத்தனை 6 விழும் என்று கேட்டிருந்தால் அதுதான் விடை; சில சமயம் இரண்டு மூன்று 6 சேர்ந்து விழுவது சராசரியை ஏற்றும், நிகழ்தகவை ஏற்றாது. இந்தக் கணக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

அப்புறம், இரண்டு பகடைகளை 24 முறை உருட்டினால் ஒரு தடவையாவது இரண்டிலும் சேர்ந்து 6 விழும் நிகழ்தகவு பாதிக்கு மேல் இருக்குமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 1654-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்ட காலத்துக் கேள்வி அது. வாய்ப்புகள் 6-லிருந்து 36 ஆகின்றன, ஆறு மடங்கு; அதனால் உருட்டலும் ஆறு மடங்காகி 4-க்குப் பதில் 24 போதும் என்றுதான் தோன்றும். ஆனால் 1 − (35/36)²⁴ போட்டுப் பாருங்கள், 0.491, பாதிக்குக் கீழே! 25 முறை என்றால் 0.506.

உருட்டல்கள் ஒன்றையொன்று சாராததால்தான் இப்படிப் பெருக்க முடிகிறது. பையிலிருந்து எடுத்த பந்தைத் திரும்பப் போடாத கணக்குக்கு இது செல்லாது, அதை அடுத்துப் போடுகிறேன்.