குடும்பக் குழு: பூ இருக்கிறது, தேன் எங்கே?

நான்: இந்த முறையும் தேன் பாதிதான். பூவுக்குக் குறைவில்லை, தேனீப் பெட்டி நிறைய ஈ. என்னதான் நடக்கிறதோ.

அக்கா: நீயே நக்கித் தீர்த்திருப்பாய் 😄

சித்தப்பா: ஈயின் மேல் செம்பழுப்பாக, குண்டூசித் தலை அளவில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

நான்: இரண்டு மூன்று பார்த்தேன். அவ்வளவுதான் சித்தப்பா.

சித்தப்பா: அது வரோவா உண்ணி. வெளியே தெரிவது கொஞ்சம், ஈயின் புழு வளரும் மூடிய அறைகளுக்குள்தான் அதிகம். அறையை மூடுவதற்குச் சற்று முன்பு நுழைந்து உள்ளேயே முட்டையிட்டுப் பெருகும். ஆண் ஈ அறை என்றால் கொண்டாட்டம், அது இரண்டு மூன்று நாள் கூடுதலாக மூடியிருக்கும்.

அம்மா: அதுதான் தேனைக் குடித்துவிடுகிறதா?

சித்தப்பா: தேனைத் தொடாது அண்ணி. வளர்ந்த ஈயின் கொழுப்புத் திசுவைத் தின்னும். ரத்தம்தான் குடிக்கிறது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன், 2019இல் வந்த ஆய்வு அதை மாற்றியது. இறக்கையைச் சுருட்டும் வைரஸையும் ஏற்றிவிடும்.

அக்கா: தொடவே இல்லையென்றால் தேன் ஏன் குறைகிறது?

சித்தப்பா: ஈ முதல் மூன்று வாரம் போலக் கூட்டுக்குள் வேலை பார்க்கும். பூவுக்குப் போவது கடைசிக் காலத்தில்தான். உண்ணி பிடித்த ஈக்கு அந்தக் கடைசிக் காலமே குறைந்துவிடும். முதிராமலே வெளியே கிளம்பும், வழி தெரியாமல் திரும்பாமலும் போகும். பெட்டியில் கூட்டம் தெரியும், சம்பாதிக்க ஆள் இருக்காது.

அம்மா: நம் வீடு மாதிரி.

நான்: 🙏 எத்தனை இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

சித்தப்பா: முதலில் ராணி எங்கே என்று பார், அது சிக்கிவிடக் கூடாது. புழு வளரும் அடையிலிருந்து அரை கப் ஈ, ஏறக்குறைய 300, பாட்டிலில் போட்டு வலை மூடி போடு. பொடித்த சர்க்கரை தூவி உருட்டு. இரண்டு நிமிடம் கழித்து வெள்ளைத் தட்டில் குலுக்கு. உண்ணி உதிரும், ஈ சாகாது. 100 ஈக்கு மூன்றைத் தாண்டினால் மருந்து வைத்தாக வேண்டும்.

நான்: குலுக்கிவிட்டேன். 14!

சித்தப்பா: 100க்கு ஐந்தை நெருங்குகிறது. தேன் அடைகளை எடுத்துவிட்டு ஃபார்மிக் அமிலம் வை, அதன் ஆவி மூடிய அறைக்குள்ளும் போகும். ஆக்ஸாலிக் அமிலம் போகாது. கடும் வெயில் நாளில் மட்டும் வேண்டாம், ராணி செத்துப்போகலாம். சரி, பக்கத்துப் பெட்டியையும் எண்ணு. வலுவான கூட்டம் நலிந்த பெட்டியில் திருடப் போய், தேனோடு உண்ணியையும் தூக்கிவரும்.

அம்மா: எடுத்து வைத்த தேனைச் சாப்பிடலாமா?

சித்தப்பா: தாராளமாக அண்ணி.

நான்: பக்கத்துப் பெட்டியில் 2தான்.

அக்கா: அப்போ என் பங்கு அந்தப் பெட்டியிலிருந்து.