3500க்குள்ள எச்டிஎம்ஐ வச்ச டிவிடி ப்ளேயர் எது வாங்கலாம்?

மதுரைல இருந்து கேக்குறேங்க. வீட்டு பழைய ப்ளேயர் தீபாவளிக்கு அப்புறம் டிஸ்க்க படிக்க மாட்டேங்குது, போட்டா சுத்துது, உள்ள டக் டக்னு லென்ஸ் ஏறி எறங்குற சத்தம் வருது, கடைசில 'நோ டிஸ்க்'னு நிக்குது.

லென்ஸ ஸ்பிரிட் தொட்டு தொடச்சு பாத்தாச்சு. டவுன்ஹால் ரோடு கடைல காட்டுனா லேசர் போயிருச்சு, இந்த மாடலுக்கு இப்ப பார்ட் வர்றதில்லைன்னுட்டாங்க. ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன், டிவிடி ஓடுச்சு விசிடி ஓடல, திருப்பி அனுப்பிட்டேன். லேப்டாப்ல வெளி டிரைவ் மாட்டினா எல்லாமே ஓடுது, ஆனா அப்பாவுக்கு ரிமோட்டும் கையுமா உக்காந்தாதான் படம் பாத்த மாதிரி.

டிவி 43 இன்ச், எச்டிஎம்ஐ மட்டும்தான், மஞ்ச-செவப்பு-வெள்ள பின் சொருக எடமே இல்ல. நடுவுல போடுற கன்வெர்ட்டரையும் சொந்தக்காரர் வீட்டு ப்ளேயர்ல வச்சு பாத்தோம், கல்யாண வீடியோல எல்லார் மூஞ்சியும் அகலமா இழுத்துட்டு தெரியுது.

டிஸ்க் எல்லாம் 2000 வாக்குல எடுத்த விசிடி, ஸ்டுடியோல ரைட் பண்ணி குடுத்த டிவிடி-ஆர், அப்புறம் சிங்கப்பூர்ல வாங்குன கொஞ்சம் ஒரிஜினல் (எந்த நாட்டு ப்ளேயர்ல ஓடும்னு டிஸ்க்ல போடுற ரீஜியன் நம்பர் அதுக்கு 3, நம்மூருக்கு 5). ப்ளூரே வேணாம். 1080 அப்ஸ்கேலிங்னு (சின்ன படத்த டிவி அளவுக்கு பெருசாக்குறது) பெட்டில போட்டிருக்கறதும் எனக்கு முக்கியமில்ல, விசிடி படமே 352x288 புள்ளி தான, அதுல என்னத்த தெளிவாக்குறது.

இந்த மூணு வகையும் ஓடுற, எச்டிஎம்ஐ இருக்கிற ப்ளேயர் நீங்க வீட்ல வச்சு பாத்ததுல எந்த மாடல்?