எப்போதும் அசதி: சீன மருத்துவரிடம் போனவர்கள் சொல்லுங்கள்

மேசைவாசி:

தூங்கி எழுந்தும் அசதி போகாதவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். சீன மருத்துவம் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். முதலில் என் கதை.

ரத்தம், தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் குறையில்லை. "ரெஸ்ட் எடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கோ ரெஸ்ட் எடுத்தால்தான் இன்னும் மோசம். விடுமுறை நாளில் மதியம் வரை படுத்துவிட்டு எழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும்.

சீன மருத்துவர் எவ்வளவு அசதி என்று கேட்கவே இல்லை. எப்போது கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது, இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். சாப்பிட்டதும் கண் சொக்குமா? கை கால் கனக்கிறதா, துவள்கிறதா? கொஞ்சம் நடந்தால் தெளிகிறதா, அதற்கே மூச்சு வாங்குகிறதா? மலம் இளகிப் போகிறதா? அப்புறம் ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து நாக்கை நீட்டச் சொன்னார். கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். நாக்கின் இரண்டு ஓரத்திலும் பல் பதிந்த தடம் வரிசையாக, மேலே வெள்ளையாகத் தடித்த படிவு. இத்தனை வருஷம் பல் தேய்க்கிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. அடுத்து நாடி. ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று விரலை வைத்து, லேசாகத் தொட்டும் அழுத்தியும் பார்த்தார். அதுவரை பேச்சே கிடையாது.

மண்ணீரல் பலவீனம், கூடவே உடம்பில் ஈரம் தேங்கியிருக்கிறது என்றார். ஸ்கேனில் தெரிகிற மண்ணீரலை நினைத்துக் குழம்பாதீர்கள். சாப்பாட்டைச் செரித்து 'சி' என்கிற உயிராற்றலாக மாற்றும் வேலை முழுவதையும் அவர்கள் அந்தக் கணக்கில்தான் எழுதுகிறார்கள். அந்த வேலை சுணங்கினால் ஈரம் தேங்கும், ஈரம் தேங்கினால் உடம்பு கனக்கும்.

குளிர்ந்ததையும் பச்சையாகச் சாப்பிடுவதையும் குறைத்து, வேகவைத்துச் சூடாகச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டதும் சின்ன நடை. ஜின்செங் வேர், பாய்ஜு, ஃபூலிங், அதிமதுரம் என்ற நான்கு மருந்துச் சரக்குகளோடு உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் பான்சியா என்ற கிழங்கும் சேர்ந்த கஷாயம். 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்ற, சுமார் 2000 வருஷத்துக்கு முந்தைய நூலிலேயே, நெடுநேரம் படுத்தால் உயிராற்றல் கெடும், நெடுநேரம் உட்கார்ந்தால் தசை கெடும் என்று இருக்கிறதாம். நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்த ஆள்.

இப்போது மதியச் சொக்கல் நன்றாகக் குறைந்திருக்கிறது. காலைக் கனம் பாதிதான் போயிருக்கிறது. கஷாயமா, நடையா, எது வேலை செய்தது என்று கேட்டால் சத்தியமாகச் சொல்லத் தெரியாது.

இரவுப்பணி:

அண்ணா, எனக்குச் சொன்னது இதற்கு நேர் எதிர். நான் நைட் ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸ். உடம்பு ஓய்ந்துபோய்க் கிடக்கும், ஆனால் படுத்தால் தூக்கம் வராது. உள்ளங்கை, உள்ளங்கால் எரியும், வாய் வறளும், படபடப்பு வேறு. நாக்கு சிவந்து, படிவே இல்லாமல் இருந்தது. இது யின் குறைவு, அதாவது உடம்பில் குளிர்ச்சி தரும் பக்கம் வற்றிவிட்டது என்றார்கள். ஜின்செங் கேட்டேன், உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம் என்று மறுத்துவிட்டார் அந்த சீன மருத்துவர் அம்மா.

அக்குபங்சர் வைத்தார்கள். ஒன்று உள்பக்கக் கணுக்கால் எலும்புக்கும் குதிகால் தசைநாணுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில், இன்னொன்று மணிக்கட்டு மடிப்பில், சுண்டுவிரல் பக்கம். குத்தும்போது கொசு கடித்த அளவுகூட இல்லை. ஆனால் ஊசியை மெல்லத் திருப்பியதும் உள்ளே கனமாக, மந்தமாக ஒரு வலி பரவும். அது வந்தால்தான் ஊசி பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம். பாதி நேரம் அங்கேயே தூங்கிவிடுவேன். காசு கொடுத்துத் தூங்கப் போகிறாயா என்று வீட்டில் கிண்டல்.

ராத்திரி 11 மணிக்குள் தூங்கிவிட வேண்டும், யின் தன்னை நிரப்பிக்கொள்ளும் நேரம் அது என்றார். என் டியூட்டி அட்டவணையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அறையை இருட்டாக்கி தினமும் ஒரே நேரத்தில் படு என்றார். அந்த மருத்துவத்திடமும் ஷிஃப்ட் வேலைக்கு மருந்து இல்லை என்று புரிந்தது. படபடப்பு குறைந்தது, அதை மறுக்கமாட்டேன்.

பெருமூச்சு:

ஜின்செங் என்றதும் எழுதத் தோன்றியது. எனக்கு அசதி என்று கேள்விப்பட்டு மாமா ஒரு டப்பா சிவப்பு ஜின்செங் வாங்கிக்கொண்டு வந்தார். குடித்த ராத்திரியெல்லாம் கண் கொட்டவில்லை, தலைவலி, எல்லார் மேலும் எரிச்சல். சீன மருத்துவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு எதுவும் குறையவில்லை, இருப்பது ஓடவில்லை" என்றார். கல்லீரல் பக்கம் உயிராற்றல் தேங்கியிருக்கிறதாம். அடையாளமாக அவர் சொன்ன அத்தனையும் எனக்கு இருந்தது: அடிக்கடி பெருமூச்சு, விலாவில் இறுக்கம், கோபம் வந்தால் வயிறு கெடுவது, ஆபீஸில் செத்த பிணமாக இருந்துவிட்டு சாயங்காலம் தோழிகளோடு நடந்தால் பளிச்சென்று ஆவது. நிஜமாகவே சக்தி தீர்ந்தவர்கள் நடந்தால் இன்னும் சோர்வார்கள், தேங்கியவர்கள் நடந்தால் தெளிவார்கள் என்றார். கொடுத்தது 'ஷியாவ் யாவ் சான்' என்ற பழைய மருந்து. டப்பாவை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று.

வெள்ளைக்கோட்டு:

நான் அலோபதி டாக்டர். குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். மேலே எழுதிய மூவரில் ஒருவர்தான் ரத்தப் பரிசோதனை செய்ததாகச் சொல்கிறார். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைவு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, இத்தனையும் அசதி என்ற ஒரே முகத்தோடுதான் வரும். நாடி பார்த்து இவற்றைத் தள்ளிவிட முடியாது. காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், மூச்சுத்திணறல் சேர்ந்தால் முதலில் எங்களிடம் வாருங்கள்.

நடந்தால் தெளியும் என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. நாள்பட்ட களைப்பு நோய் என்று ஒன்று உண்டு. சின்ன உழைப்புக்கே, பல சமயம் மறுநாள்தான், ஆளை அப்படியே சாய்த்துவிடும். அவர்களை நட நட என்று விரட்டினால் நிலைமை மோசமாகும். அதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை என்பதால், 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்படுவதும் அவர்கள்தான். அந்தப் பழி எங்கள் பக்கம்.

மூலிகைதானே என்று விளையாட வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கேட்காமல் ஜின்செங் தொடக்கூடாது. சீன மருந்துகளில் வரும் ஃபூஸி என்பது நாபி என்ற விஷச்செடி இனத்தின் கிழங்கு, சரியாகப் பக்குவப்படுத்தாவிட்டால் இதயத் துடிப்பையே குலைக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதில் ஒத்த பெயருள்ள வேறொன்று சேர்ந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டலோகிக் அமிலத்தால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. 2019ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஐசிடி-11 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலில் இந்த மருத்துவத்தின் நோய்நிலைகளும் இருக்கின்றன என்று எடுத்துக்காட்டுவார்கள். அது பதிவு செய்வதற்கான வசதி, பலன் நிரூபணமானதற்கான சான்றிதழ் அல்ல.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஓ.பி.யில் யாரும் எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று இவ்வளவு நேரம் கேட்பதில்லை.

ஓய்வுபெற்றவன்:

டாக்டர் தம்பி சொன்னது நியாயம். கொஞ்சம் பழைய கதையும் கேளுங்கள். 1232ல் மங்கோலியர்கள் சீனாவின் கைஃபெங் நகரை முற்றுகையிட்டார்கள். முற்றுகை விலகிய பின்னும் உள்ளே ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். வைத்தியர்கள் வெளியிலிருந்து வந்த நோய் என்று வியர்க்கவைத்தும் பேதி கொடுத்தும் பார்த்தார்கள், சாவு கூடியது. லி துங்யுவான் என்ற வைத்தியர் மட்டும், இது பசியும் பயமும் உழைப்பும் சேர்ந்து வயிற்றையும் மண்ணீரலையும் உடைத்ததால் வந்த காய்ச்சல் என்றார். அவர் வகுத்த 'பு ஜோங் யி சி டாங்' என்ற கஷாயம் இன்றைக்கும் களைப்புக்குக் கொடுக்கப்படுகிறது. எனக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு அதைத்தான், என் சர்ஜனையும் கேட்டுவிட்டுக் கொடுத்தார்கள். கசப்பு இல்லை, ஒரு மாதிரி மண்வாசனையோடு லேசான இனிப்பு.

மருந்தைவிட எனக்குப் பிடித்தது பாதுவான்ஜின், நின்றபடியே செய்யும் எட்டு அசைவுகள். நான்காவது களைப்புக்கென்றே வைத்தது: கைகளைத் தாழ்த்தி வெளியே திருப்பி, கழுத்தை மெல்லத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. வேர்க்கும்வரை செய்யாதே, செய்து முடித்ததும் இன்னும் கொஞ்சம் செய்யலாம் என்று தோன்ற வேண்டும் என்பார் சொல்லிக்கொடுத்தவர். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. என் மகன் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு ஜிம்முக்குப் போய்விட்டான்.

மேசைவாசி:

டாக்டர் சார், என் கஷாயத்தில் அதிமதுரம் இருக்கிறதே, பிரச்சினை ஏதும் உண்டா? எனக்குப் பிரஷர் எல்லைக்கோட்டில் நிற்கிறது.

வெள்ளைக்கோட்டு:

உண்டு. அளவு கூடினாலோ, நாள்பட எடுத்தாலோ பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். வீட்டிலேயே பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். அதைக் கஷாயம் கொடுப்பவரிடமும் காட்டுங்கள், பிரஷர் உள்ளவருக்கு அவர் அதிமதுரத்தைக் குறைக்கவோ எடுத்துவிடவோ செய்யலாம். கால் வீங்கினால், படியேறத் தொடை ஒத்துழைக்காவிட்டால் நிறுத்திவிட்டுப் பொட்டாசியம் பாருங்கள். பொட்டாசியம் குறைந்தாலும் அசதியாகத்தான் தெரியும், அதற்கும் சேர்த்துக் கஷாயத்தைக் கூட்டிவிடப் போகிறீர்கள்.