பஃபலோவில் முதல் குளிர்காலம், அனுபவசாலிகள் கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். ஆகஸ்டில்தான் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பக்கம் குடிவந்தோம், வீடு தெற்குப் புறநகரான ஆர்ச்சர்ட் பார்க்கில். குளிர்கால முன்னறிவிப்பைப் பார்த்தால், வழக்கத்தைவிடக் குளிருமா, குளிராதா என்று சதவீதம்தான் போட்டிருக்கிறது. பக்கத்து ஈரி ஏரியின் ஈரத்தைக் குளிர்காற்று அள்ளி வந்து கொட்டும் பனி எந்த ஊரில் விழும் என்று அதில் எங்கே தெரிகிறது? 2022 நவம்பரில் இங்கே 6 அடிக்கு மேல் விழுந்ததாம். வடக்குப் புறநகர்களில் அதில் பாதிகூட இல்லையாம். ஏரி உறைந்தால் பனி குறையும் என்கிறார்கள். சரி, அதுவரை?

பக்கத்து வீட்டுப் பெரியவர், பனி மூடினாலும் ஓரம் தெரிய, இப்போதே கார் பாதையின் இரு ஓரமும் ஆரஞ்சுக் குச்சிகள் நட்டுவிட்டார். பார்த்ததும் வயிறு கலங்கியது. என்னிடம் ஒரே ஒரு பிளாஸ்டிக் ஷவல்தான். பனி தள்ளும் மெஷின் வாங்கலாமா, ஆள் வைத்துக்கொள்வதே மேலா? குளிர்கால டயரை எப்போது மாற்றுகிறீர்கள்?