எஃப்டிஜி பெட் ஸ்கேன்: படம் எங்கே கெடுகிறது

புற்றுக்கட்டியைத் தேடும் பெட் ஸ்கேனில் படம் சரியில்லை என்றால் மெஷினைத்தான் முதலில் குறை சொல்கிறார்கள். பாதி கோளாறு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். ஊசியில் ஏற்றும் எஃப்டிஜி, கதிரியக்க ஃப்ளோரின்-18 சேர்ந்த ஒரு சர்க்கரை மருந்து; குளுக்கோஸ் மாதிரியே செல்லுக்குள் போகும். ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி அதில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். பிறகு அது மேற்கொண்டு உடையாமல் உள்ளேயே தேங்கிவிடும். ஸ்கேனர் பார்ப்பது இந்தத் தேக்கத்தைத்தான்.

நோயாளி இன்சுலின் போட்ட கையோடு வந்தால், தொடை, தோள், இதயம் என்று தசையெல்லாம் மருந்தை இழுத்துக்கொள்ளும். கட்டிக்குப் போவது குறைந்து, சின்னக் கட்டி கண்ணில் படாமலே போகலாம். ரத்தச் சர்க்கரை 200 மி.கி./டெ.லி-ஐத் தாண்டிவிட்டது என்று அவசரமாக இன்சுலின் போட்டு, அரை மணியில் எஃப்டிஜி ஏற்றுவது இன்னும் மோசம். வேகமாக வேலை செய்யும் இன்சுலினைத் தோலுக்கடியில் போட்டால்கூட 4 மணி நேரம் பொறுக்க வேண்டும். அதற்குப் பதில் ஸ்கேனுக்கு வேறு தேதி கொடுத்துவிடலாம்.

வார்டிலிருந்து வருகிறவர்களுக்கு டிரிப் பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். 6 மணி நேரம் பட்டினி என்று சீட்டில் எழுதியிருக்கும், மேலே டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், சொட்டிக்கொண்டிருக்கும்!

* * *

மேலே மேடம் சொன்னதோடு ஊசி போடும் விதத்தையும் நான் சேர்க்கணும். முதலில் சலைன் தள்ளி, ரத்தக்குழாயில் சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே மருந்து. மார்பகப் புற்றுநோய் என்றால் எதிர்ப்பக்கக் கையில்தான் போட வேண்டும். மருந்து வெளியே கசிந்தால் நிணநீர் வழியாக ஊசி போட்ட கைப் பக்க அக்குள் முடிச்சுக்குப் போய் ஒளிரும். புற்று பரவியிருக்கிறது என்று ரிப்போர்ட் போய்விடும் அபாயம் உண்டு. போட்ட அளவு முழுவதும் ரத்தத்தில் சேர்ந்தது என்றே கணக்கு போடுவதால் எஸ்யூவி எண்ணும் (போட்ட அளவு, உடல் எடையோடு ஒப்பிட்டு ஓரிடம் எவ்வளவு மருந்து வாங்கியது என்று காட்டுவது) குறைந்து காட்டும்.

ஊசி போட்ட பிறகு சிரிஞ்சில் மிச்சம் எவ்வளவு என்று கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் காலிபரேட்டரில் அளந்து கழியுங்கள். அந்த அறைக் கடிகாரமும் ஸ்கேனர் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும். ஃப்ளோரின்-18-க்கு அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகும் நேரம், 110 நிமிடம்தான். 10 நிமிட வித்தியாசமே எஸ்யூவியை 6 சதவீதம் தள்ளிவிடும். கீமோவுக்கு முன், ஊசி போட்டு 60 நிமிடத்தில் எடுத்த படத்தை, கீமோவுக்குப் பின் 90 நிமிடத்தில் எடுத்ததோடு ஒப்பிடுவதும் நியாயமில்லை.

* * *

நோயாளியை ஏசி அறையில் நடுங்க விடாதீர்கள் சார். குளிரில் கழுத்தின் இரு பக்கமும் பழுப்புக் கொழுப்பு (உடலுக்குச் சூடு தரும் கொழுப்பு) மருந்தை வாங்கிக்கொள்ளும். ஊசிக்கு முன்பிருந்தே போர்வை கொடுங்கள். சந்தேகம் வந்தால் அதே இடத்தை சிடியில் பாருங்கள். முடிச்சு இல்லாமல் வெறும் கொழுப்பு தெரிந்தால் அது பரவல் இல்லை.

நம் ஊரில் காசநோயை மறக்கவே கூடாது. நெஞ்சுக்கூட்டின் நடுவே இருக்கும் காசநோய் முடிச்சும் புற்றைப் போலவே பளிச்சென்று தெரியும். எஸ்யூவி எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, பயாப்ஸிதான் வழி.

புராஸ்டேட் புற்றுக்கு, எஃப்டிஜிக்குப் பதில் அந்தப் புற்றுச் செல்லில் ஒட்டும் காலியம்-68 பிஎஸ்எம்ஏ மருந்து போடும்போது பட்டினி தேவையில்லை, சர்க்கரையும் தடையில்லை. அங்கே தொல்லை கொடுப்பது மூத்திரப்பை. மருந்து சிறுநீரில் இறங்கிப் பக்கத்தில் இருப்பதை மறைக்கும். டாக்டர் சொன்னால் சிறுநீரை அதிகமாக்கும் ஃப்யூரோசிமைடு கொடுத்து, மேசையில் ஏறும் முன் சிறுநீர் கழிக்கச் சொல்லி, இடுப்புப் பகுதியை முதலில் எடுத்துவிடுங்கள்.