முதல் நாளே புஷ்அப் எடுக்கச் சொல்லலாமா?

கேள்வி:
பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. அடுத்த வாரம் எனக்கென்று முதல் ஆள் வருகிறார். வயது 46, பல வருடமாக உட்கார்ந்தே வேலை, "எடை குறையணும்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு), கொழுப்பு அளவு, புஷ்அப், பிளாங்க் (முழங்கை ஊன்றி உடலை நேராக நிறுத்துவது), ஒரு மைல் ஓட்டம், ஸ்குவாட்டில் (முட்டி மடக்கி உட்கார்ந்து எழுவதில்) தூக்க முடிந்த அதிகபட்ச எடை என்று பட்டியல் போட்டிருக்கிறேன். ஒரே நாளில் முடித்துவிடலாமா, இரண்டு நாளாகப் பிரிக்கட்டுமா?

பதில் 1:
பிரிப்பது இருக்கட்டும், பாதியை அடித்துவிடுங்கள். அவரை முதல் நாளே அதிகபட்ச எடை தூக்க வைத்தால் மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது, அதற்கடுத்த நாள் உங்கள் போனை எடுக்கமாட்டார். முதலில் உட்காரவைத்துப் பேசுங்கள். பார்-கியூ, அதாவது பயிற்சிக்கு முன் உடல்நிலையை விசாரிக்கும் படிவத்தின் முதல் பக்கத்தில் ஏழு கேள்விகள்தான்: நெஞ்சுவலி, தலைசுற்றல், மாத்திரை, மூட்டுத் தொந்தரவு இப்படி. ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் மேலே விசாரியுங்கள், தேவைப்பட்டால் மருத்துவர் சரி என்ற பிறகு தொடங்குங்கள்.

ஆனால் படிவத்தை மட்டும் நம்பாதீர்கள், எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துத் தருவார்கள். என்னிடம் வந்த ஒருவர் அப்படித் தந்துவிட்டு, பேச்சுவாக்கில் "காலை மாத்திரை போட்டதும் கிளம்பிட்டேன்" என்றார். கேட்டால் பிரஷர் மாத்திரை, பீட்டா பிளாக்கர். அது இதயத்துடிப்பை ஏறவிடாது. அதிகபட்சத் துடிப்பு என்று 220-இல் வயதைக் கழித்து, அதை வைத்து இலக்கு வைத்திருந்தால், எட்டவே முடியாத எண்ணுக்காக மனிதரை விரட்டியிருப்பேன். கடைசியில், எவ்வளவு கஷ்டம் என்று 10-க்கு மதிப்பெண் கேட்டும், மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்த்தும்தான் ஓட்டினேன்.

பதில் 2:
வரிசையும் முக்கியம். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் இரண்டையும் எல்லாவற்றுக்கும் முன்னால் எடுங்கள், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு. அதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காபி வேண்டாம். அப்புறம் வெறுங்கையோடு ஐந்தாறு ஸ்குவாட். முட்டி உள்ளே சாய்கிறதா, குதிகால் எழும்புகிறதா என்று பாருங்கள். குதிகால் எழும்பினால் அடியில் ஒரு சின்ன எடைத் தட்டை வையுங்கள். உடனே நன்றாக இறங்கினால் பெரும்பாலும் கணுக்கால்தான் இறுக்கம், இடுப்பைப் போட்டு நோண்ட வேண்டாம்.

ஓட்டத்துக்குப் பதில் படி ஏறும் சோதனை போதும்: 30 செ.மீ. உயரப் படி, நிமிடத்துக்கு 24 தடவை ஏறி இறங்க வேண்டும், மூன்று நிமிடம், முடிந்ததும் உட்காரவைத்து ஒரு நிமிடம் முழுக்க நாடியை எண்ணுங்கள். தலைசுற்றுகிறது என்றால் பாதியிலேயே நிறுத்துங்கள்.

கேட்டவர்:
கொழுப்பு அளக்கும் இயந்திரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டேனே!

பதில் 3:
வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு நாள் எண்ணை நம்பிச் சண்டை போடாதீர்கள். உடம்பில் இருக்கும் தண்ணீரைப் பொறுத்து அது மாறும். என்னைக் கேட்டால் இடுப்புக்கு ஒரு டேப் போதும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், மூச்சை விட்ட பிறகு. எடை ஏன் குறையணும் என்றும் கேட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
இப்போதுதான் போனில் கேட்டேன். குழந்தையோடு தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லையாம். இடது முட்டியில் பழைய அடி வேறு. பட்டியலில் அதிகபட்ச எடையையும் ஓட்டத்தையும் அடித்துவிட்டேன்.